ஐந்தாவது மரம்

டெலிமா எல்லாப் பாட்டும் பாடுவாள். மாதா கோயிலில் பாடுவாள், வெண்ணெய் கடையும்போது பாடுவாள், பன்றிக்குத் தீனி வைக்கும்போதுகூடப் பாடுவாள். ஒரே ஒரு பாட்டை மட்டும் பாடமாட்டாள். அது பெரிய பாட்டும் இல்லை, எங்கள் ஊரில் நடை பழகிய பிள்ளைக்கெல்லாம் தெரிந்த மரப்பாட்டு. யாராவது வாசலில் அதை எடுத்துவிட்டால் அவள் கை வேலையை விட்டுவிடும், முகம் வெளுத்துவிடும். ஏன் என்று கேட்டவர்களிடம் தலைவலி என்று சொல்லிவைத்தாள். முப்பத்து மூன்று வருடத் தலைவலி.

அந்தப் பாட்டு தொட்டிலில் பிறந்ததில்லை. கியூபெக் மாகாணத்தில் எங்கள் சேன்-ஃபிர்மேன் ஊருக்கு எதிரே, செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் நடுவில் ஒரு தீவு. ஆறு உறைந்ததும் பத்து ஊசியிலைக் கன்றுகளை வெட்டிவந்து, பனிக்கட்டியில் துளை போட்டு, கரையிலிருந்து தீவு வரை வரிசையாக நட்டுவிடுவார்கள். அதுதான் பாதை. வெயில் நாளில் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். காற்று எழும்பிப் பனிப்புழுதி கிளம்பிவிட்டாலோ, குதிரையின் வால் தெரியும், தலை தெரியாது. எத்தனையாவது மரத்தில் இருக்கிறோம் என்று தப்பாமல் இருக்க வண்டிக்காரர்கள் கட்டிக்கொண்ட பாட்டு அது. மரத்துக்கு ஒரு அடி, மொத்தம் பத்து அடி.

முதல் மரத்தில் குதிரையின் வாரை இறுக்கு. இரண்டாவதில் திரும்பிக் கோயில் கோபுரத்தைப் பார். மூன்றாவதில் புகையிலைச் சுங்கானைப் பற்றவை. நான்காவதில் மூக்கை மூடு. ஐந்தாவதில் காற்றைத் திட்டு. ஆறாவதில் வாயை மூடிப் பனிக்கட்டியின் சத்தத்தைக் கேள். ஏழாவதில் வண்டியிலிருந்து குதி. எட்டாவதில் ஏறிக்கொள். ஒன்பதாவதில் பட்டாணி சூப் வாசனை. பத்தாவதில் கதவைத் தட்டு.

ஏழாவதுக்கும் எட்டாவதுக்கும் நடுவில்தான் எமன். அங்கே அடியில் ஒரு நீரோட்டம் கீழிருந்தே பனிக்கட்டியை அரித்துக்கொண்டிருக்கும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதனால்தான் குதிக்கச் சொல்கிறது பாட்டு. பாரத்தைக் குறைத்துக்கொண்டு, வண்டியை விட்டு விலகி நடக்க வேண்டும்.

ஐந்தாவது அடியில் ஒரு சிக்கல் இருந்தது. மற்ற ஊர்க்காரனுக்குக் கோபம் வந்தால் அடுத்தவன் தாயை இழுப்பான். எங்கள் கியூபெக்காரன் கோயில் சாமான்களை இழுப்பான். பீடம், பெட்டகம், பூசைப் பாத்திரம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லித் திட்டினால்தான் அவனுக்கு ஆத்திரம் அடங்கும். ஐந்தாவது மரத்தில் ஆற்றுக்காற்று நேராக முகத்தில் அறையும். அதனால் பாட்டும் அங்கே, 'அட பூசைப் பாத்திரமே, என்ன காத்துடா இது' என்று வாய்விட்டுத் திட்டும்.

பள்ளிக்கூடத்துக்கு வந்த ஒரு கன்னியாஸ்திரீக்கு அந்தப் பாட்டு பிடித்துப்போனது, திட்டு பிடிக்கவில்லை. ஐந்தாவது அடியை எடுத்துவிட்டு, மிச்சம் ஒன்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, நல்ல மனுஷிதான். பாட்டில் எண் கிடையாது, 'மரம் ஒன்று வருது' என்றுதான் ஒவ்வொரு அடியும் தொடங்கும். அதனால் ஓட்டை விழுந்தது யாருக்கும் தெரியவில்லை. பிள்ளைகள் 'குதி' என்ற இடத்தில் குதித்துக் குதித்து அதை விளையாட்டாக்கிவிட்டார்கள்.

1883-இல் டெலிமாவுக்குப் பத்து வயது. கோயிலில் முதன்முதலாக நற்கருணை அப்பம் பெறும் புதுநன்மைக்கு இன்னும் மூன்று வாரம். "நற்கருணை வாங்கப்போற நாக்குல அந்த வார்த்தை வரக்கூடாது" என்று கன்னியாஸ்திரீ சத்தியம் வாங்கியிருந்தார். அவள் அப்பா எல்சேயார் தீவுக்குத் தபால் கொண்டுபோகிறவர். அந்த மார்ச் மாதம் பனியில் பட்டுத் தெறித்த வெயிலில் கண் வெந்துபோய், துணி கட்டியிருந்தார். தபால் நிற்கக்கூடாதே என்று மகளை வண்டியில் ஏற்றிக்கொண்டார்.

"நீ மரத்தைப் பாத்துப் பாடிக்கிட்டே வா. குதிரைக்கு என் கண்ணு வேண்டாம், எனக்கு உன் வாய் போதும்."

அவள் பாடினாள். ஐந்தாவது மரம் வந்தது. அப்பா பாடுகிற பழைய அடி அவளுக்குத் தெரியும், வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டு அடுத்த அடிக்குப் போனாள். அவ்வளவுதான் அவள் செய்தது. காற்றின் இரைச்சலில் ஒரு அடி தன் காதில் விழாமல் போனது என்று அப்பா நினைத்திருக்கலாம். ஆறாவது மரத்தில் 'குதி' வந்தது, இருவரும் இறங்கி நடந்தார்கள். ஏழாவதில் 'ஏறிக்கோ' வந்தது, அப்பா ஏறிக்கொண்டார். அவள் கையுறை ஒன்று கீழே விழுந்திருந்தது. அதை எடுக்கக் குனிந்தாள். நிமிர்ந்தபோது முன்னால் வண்டியும் இல்லை, குதிரையும் இல்லை, அப்பாவும் இல்லை. கறுப்பாகக் கொஞ்சம் தண்ணீர் இருந்தது.

கண் தெரியாமல் போய் விழுந்துவிட்டார் என்றது ஊர். அவள் மட்டும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டாள், ஒரு அடியை விட்டதால் ஒரு மரம் முன்னாலேயே அப்பாவை ஏறச் சொல்லியிருக்கிறாள். புதுநன்மைக்கு முன்னால் பாவத்தைச் சாமியாரிடம் சொல்லும் மறைப்பான பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்காலிட்டு, "சாமி, ஒரு கெட்ட வார்த்தையைச் சொல்லாம விட்டுட்டேன்" என்றாள். கிழட்டுச் சாமியார் சிரித்துவிட்டார். "அது பாவமில்லம்மா, புண்ணியம். போ" என்று அனுப்பிவிட்டார். பாவமே இல்லையென்றால் மன்னிப்பு எங்கிருந்து வரும்? டெலிமா அதைச் சுமந்துகொண்டே வளர்ந்தாள்.

ஊர் அந்தப் பாதையை விட்டது. மேலே ஒரு மைல் தள்ளிப் புதுத் தடம் போட்டார்கள். பழைய வண்டிக்காரர்கள் ஒவ்வொருவராகச் செத்துப்போனார்கள், குதிக்கச் சொன்னதன் காரணமும் அவர்களோடு போய்விட்டது. டெலிமா இருபத்தாறு வயதில் ஒனேசிம் லவெர்த்துவைக் கட்டிக்கொண்டாள். உள்நாட்டுக் காட்டுப்பக்கத்து ஆள், ஆறு உறைவதையே பெரியவனான பிறகுதான் பார்த்தவன். சிரித்த முகம். அவள் தலையெழுத்து, அவனுக்கும் தபால் வேலையே கிடைத்தது. பிறந்த நான்கில் ஒன்றுதான் தங்கியது, மகள் அல்பினா. அவள் பள்ளிக்கூடத்திலிருந்து முதன்முதலில் கொண்டுவந்த பாட்டு எது என்று சொல்லவும் வேண்டுமா?

1916-ஆம் வருடம் மேல்தடத்தில் பனிக்கட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சுவராக நின்றுவிட்டன. வேறு வழியில்லாமல் பழைய வரிசையிலேயே பத்து மரமும் நட்டார்கள். அந்தக் குளிர்காலம் முழுக்க டெலிமாவுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. ஒனேசிம் காலையில் கிளம்பினால், திரும்பிவரும் குதிரையின் மணிச்சத்தம் கேட்கும்வரை சன்னலை விட்டு நகரமாட்டாள்.

"உங்கப்பாவுக்குக் கண்ணைக் கட்டியிருந்துச்சு. எனக்கு ரெண்டும் திறந்தே இருக்கு" என்பான் ஒனேசிம். "மூணடி ஐஸு. கோயிலையே பேத்து இழுத்துக்கிட்டுப் போகலாம்."

"ஏழாவது மரத்துல இறங்கி நடங்க. அது போதும்."

"ஆறாவதுலல்ல குதிக்கணும்? பாட்டே அப்படித்தானே வருது. உனக்குப் பாட்டும் தெரியாது, பயம் மட்டும் தெரியும்."

ஒரே வார்த்தையில் அவனை நிறுத்தியிருக்கலாம். பாட்டில் ஒரு அடி குறைகிறது என்று சொன்னால், 'உனக்கு எப்படித் தெரியும்' என்பான். அதற்குப் பதில் சொன்னால் அப்பாவைக் கொன்றது யார் என்று சொன்னதாகிவிடும். அடுப்பில் விறகைத் தள்ளப் போய்விடுவாள். பாட்டு எப்போதும் தீவுக்கு ஒரு மரம் முன்னாலேயே முடிந்துவிடுவதைக்கூட ஊர் கேலியாகத்தான் எடுத்துக்கொண்டது. 'தீவு கொஞ்சம் தள்ளிப் போயிடுச்சு' என்பார்கள். 

மார்ச் கடைசியில் நகரத்திலிருந்து வெர்ரோ என்று ஒருவர் வந்தார். மூக்குக் கண்ணாடி, மெல்லிய காலணி, பாட்டுச் சேகரிப்பதே தொழில். ஊதுகுழல் வைத்த ஒரு பெட்டி கொண்டுவந்திருந்தார். அதில் பாடினால் மெழுகு உருளையில் பதிந்துகொண்டு திருப்பிப் பாடும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை நிற்கவைத்து மரப்பாட்டைப் பதிந்தார். சாயங்காலம் ஒனேசிம் வீட்டுக்கு வந்து, சமையல்கட்டு மேசையில் பெட்டியை வைத்து ஓடவிட்டார்.

பெட்டி பாடியது. மூக்கை மூடு என்றது, உடனே வாயை மூடு என்றது. நடுவில் ஒன்றுமில்லை. அடுப்படியில் நின்ற டெலிமா சூப்பைக் கிண்ணங்களில் ஊற்றத் தொடங்கினாள்.

"இது புத்தகமா வரப்போகுதும்மா" என்றார் வெர்ரோ. "மாகாணத்துல இருக்கிற பள்ளிக்கூடத்துக்கெல்லாம் போகும். உங்கப்பா தபால் வண்டி ஓட்டினவராமே. அவர் வேற மாதிரி ஏதாவது பாடுவாரா?"

"தெரியாது."

"ஒரு அடிகூட ஞாபகம் இல்லையா?"

"தெரியாதுன்னு சொன்னேனே. சூப் ஆறுது, சாப்பிடுங்க."

மறுநாள் தீவில் ஒரு கிழவரைப் பார்க்க வெர்ரோவை ஒனேசிம் கூட்டிப்போவதாக ஏற்பாடு. பெட்டி, உருளைகள் என்று நல்ல கனம். அல்பினாவும் வரட்டும், கிழவர் முன்னால் பாடிக்காட்டுவாள் என்று ஒனேசிம் சொன்னதும் டெலிமா சன்னலுக்குப் போய் நின்றாள். ஒரு வாரமாகக் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மேலே அப்படியென்றால் கீழே ஆறு என்ன செய்துகொண்டிருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

காலையில் வண்டி பூட்டியபோது கோட்டின் பொத்தானைக்கூடப் போடாமல் வந்து ஏறி உட்கார்ந்தாள்.

"யாரு இது?" என்றான் ஒனேசிம். "ஆத்தைக் கண்டாலே அலறுறவ எங்க கெளம்பிட்டா?"

"நானும் வரேன். பேசாம ஓட்டுங்க."

முப்பத்து மூன்று வருடத்துக்குப் பிறகு அந்த ஆற்றின் மேல் போகிறாள். முதல் மரம், இரண்டாவது மரம். வெயில் கண்ணைக் கூசியது, வெர்ரோ கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைத்தார். மூன்றாவதைத் தாண்டியதும் மேற்கே வானம் வெளுத்தது. நான்காவதில் காற்று வந்தது, அடுத்த நொடி பனிப்புழுதி எல்லாவற்றையும் மூடிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகளின் முகம் மங்கலாகத் தெரிந்தது.

"பாடு அல்பினா" என்று முன்னாலிருந்து ஒனேசிம் கத்தினான். "கணக்கு விட்டுடாதே."

அல்பினா பாடினாள். ஐந்தாவது மரம் கைக்கெட்டும் தூரத்தில் வந்து, வணங்கி, பின்னால் போனது. டெலிமா வாயைத் திறந்தாள். காற்றுத்தான் உள்ளே போனது, வார்த்தை வெளியே வரவில்லை. மகள் 'பனிக்கட்டியைக் கேளு' என்று பாடிக்கொண்டிருந்தாள். டெலிமா கேட்டாள். அடியில் ஆறு முனகியது. 

ஆறாவதில் எல்லோரும் குதித்தார்கள். வெர்ரோவுக்கு ஒரே குஷி. மெல்லிய காலணியோடு தடுக்கித் தடுக்கி நடந்தபடி, "என்ன அருமையான வழக்கம்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஏழாவது மரம் வந்தது.

"ஏறுங்க, ஏறுங்க" என்றான் ஒனேசிம். "இனி சூப்புதான் பாக்கி."

வெர்ரோ ஏறி உட்கார்ந்தார். அல்பினா ஒரு காலைத் தூக்கி வண்டியில் வைத்தாள். ஏதோ எடுக்கக் குனிந்தாள். கையுறைதான். மகளின் கையுறை பனியில் கிடந்தது.

டெலிமா அவள் தோளைப் பிடித்து இழுத்தாள். தன் தொண்டையிலிருந்து வந்த குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. "அட பூசைப் பாத்திரமே, என்ன காத்துடா இது" என்று அப்பாவின் மெட்டில், அப்பா இழுக்கிற இழுப்போடு முழு அடியையும் பாடினாள். ஒருமுறை இல்லை, மூன்றுமுறை.

ஒனேசிம் கடிவாளத்தை இழுத்துப்பிடித்து நின்றுவிட்டான். பதினேழு வருடத்தில் அவள் வாயிலிருந்து ஒரு 'சனியனே' கூடக் கேட்டதில்லை.

"என்னடி ஆச்சு உனக்கு?"

"ஒரு மரம் குறையுது. பாட்டுல ஒரு மரம் குறையுது. அஞ்சாவது அடியை எடுத்துட்டாங்க. இதுதான் குதிக்கிற மரம். இறங்குங்க எல்லாரும்."

"யாரு சொன்னா?"

"நான்தான் அன்னிக்கிப் பாடினேன். எங்கப்பாவுக்கு நான்தான் பாடினேன். அந்த வார்த்தையைச் சொல்லல. அவரு இந்த இடத்துலதான் ஏறினாரு."

ஒனேசிம் அவள் முகத்தைப் பார்த்தான். வேடிக்கைக்காரன்தான், மடையன் இல்லை. வெர்ரோவை இறக்கினான். எல்லோரையும் ஒருவரைவிட்டு ஒருவர் விலகி நடக்கச் சொல்லிவிட்டு, கடிவாளத்தோடு நீளக் கயிறு ஒன்றைக் கட்டிக் குதிரையை வெறும் வண்டியோடு முன்னால் ஓட்டினான். முப்பது அடி போனதும் பனிக்கட்டி தொட்டில் துணியைப் போலத் தொய்ந்தது. வண்டிக்கடியில் தண்ணீர் ஏறியது. குதிரை மிரண்டு பாய்ந்து அந்தப் பக்கத்துக் கெட்டிப் பனிக்கட்டியில் கால் ஊன்றிவிட்டது. வண்டியின் பின்பக்கம் மட்டும் சடாரென்று இறங்கி, எழும்பியது. அந்த ஒரு குலுக்கலில் உருளைகளை அடுக்கியிருந்த தனிப்பெட்டி சரிந்து, கறுப்புத் தண்ணீருக்குள் சத்தமில்லாமல் போனது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பாடிய அத்தனை பாட்டும் அதில்தான் இருந்தது. 

அந்த இடத்தைச் சுற்றிவளைத்து நடந்து எட்டாவது மரத்தை அடைந்ததும் டெலிமா அதைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஒனேசிம் பக்கத்தில் வந்து குந்தினான்.

"இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"பயமா இருந்துச்சுங்க."

"என்னைப் பாத்தா?"

"எல்லாரையும் பாத்து."

அவன் அவள் கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டான்.

பாடும் பெட்டியும் ஊதுகுழலும் தப்பித்திருந்தன, வெர்ரோவின் கோட்டுப் பையில் ஒரு வெறும் உருளையும் இருந்தது. தீவிலேயே, கிழவர் வீட்டு அடுப்புப் பக்கத்தில், டெலிமா பத்து அடியையும் பாடினாள். பற்கள் அடித்துக்கொண்ட சத்தமும் சேர்ந்து பதிந்தது.

புத்தகம் அச்சுக்குப் போகும் முன்னால் பங்குச் சாமியார் அதைப் பார்த்துவிட்டுத் தாம்தூம் என்று குதித்தார். பள்ளிக்கூடப் புத்தகத்தில் பூசைப் பாத்திரமா? வெர்ரோவும் விடவில்லை, அந்த அடியில்லாமல் அச்சடிக்கமாட்டேன் என்றார். கடைசியில் ஒரு சமாதானம் வந்தது. ஐந்தாவது மரத்தில் வார்த்தை வேண்டாம், பிள்ளைகள் ஒருமுறை கை தட்டட்டும், மரக்கணக்கு தப்பாது. இன்றைக்கு ஆறே இல்லாத ஊரிலும் பிள்ளைகள் அந்த இடத்தில் தட்டுகிறார்கள். குளிரில் கையைச் சூடாக்கத்தான் தட்டுகிறார்கள் என்று ஒரு மேதாவி எழுதியிருக்கிறார். சாட்டைச் சத்தம் என்று இன்னொருவர். அவர்கள் பிழைப்பு, எழுதிவிட்டுப் போகட்டும்.

அந்த வருடம் பாஸ்கா பண்டிகைக்கு முன்னால் டெலிமா பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் போனாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அதே பங்குச் சாமியார், கை தட்டச் சொன்னவர்.  பத்து வயதில் முழங்காலிட்ட அதே பலகை.

"கோயில் சாமான் பேரைச் சொல்லித் திட்டிட்டேன் சாமி. மூணு தடவை."

"தெரியும். ஊரே பேசுது. வேற?"

"பத்து வயசுல ஒரு தடவை சொல்லாம விட்டுட்டேன்."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். துணி கட்டிய கண், விழுங்கிய வார்த்தை, கையுறை, சிரித்த கிழட்டுச் சாமியார். சொல்லி முடித்தபின் அந்தப் பக்கத்தில் ஜெபமாலை மணிகள் உரசும் சத்தம் கேட்டது. 

"பத்துத் தடவை 'அருள் நிறைந்த மரியே' செபம் சொல்லு" என்றார் கடைசியில். 

"எதுக்கு சாமி? சொன்னதுக்கா?"

"இல்லம்மா. சொல்லாம விட்டதுக்கு. மன்னிச்சாச்சு, போ."

டெலிமா பீடத்துக்கு முன்னால் போய் முழங்காலிட்டாள். மரத்துக்கு ஒன்றாக மெல்லச் சொன்னாள். ஐந்தாவதில் நிறுத்தி, அப்பா, என்றாள். பிறகு ஆறாவதைச் சொன்னாள்.